பத்து வயது தாண்டிய நாயை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி (ஒரு வாசகர், 9 ஆகஸ்ட் 2023)

காப்பகத்தில் ஒரு லாப்ரடார் பார்த்தோம். பத்து, பதினொன்று வயது இருக்கும் என்கிறார்கள். மனைவிக்கு ஆசை. எனக்கோ இது தெரிந்தே துக்கத்தை விலைகொடுத்து வாங்குகிற வேலையாகப் படுகிறது. இரண்டு வருஷத்தில் போய்விடும். குட்டி எடுத்தால் பத்துப் பன்னிரண்டு வருஷமாவது கூட இருக்குமே? வயதான நாயை எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். புண்ணியக் கணக்கு பேசுபவர்கள் வேண்டாம்.

9 ஆகஸ்ட் 2023, இரவு

எடுத்திருக்கிறேன். அதுவும் லாப்ரடார்தான், பெண். இந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெயர் ரோஸி, காப்பகத்தில் வைத்தது. குட்டி விற்கிறவர்கள் யாரோ வருஷக்கணக்கில் ஈன வைத்து, இனி ஈனாது என்று ஆனதும் பழைய மகாபலிபுரம் சாலையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். முலைகள் தொங்கி, முழங்கையில் தோல் தடித்துக் காய்த்துப் போயிருந்தது. காலமெல்லாம் சிமெண்ட் தரையில் படுத்த கனமான நாய்களுக்கு அப்படிக் காய்க்கும். வயது யாருக்கும் தெரியாது. குட்டி என்றால் பல்லைப் பார்த்து மாதக்கணக்கில் சொல்லிவிடலாம். வளர்ந்து முதிர்ந்த நாய்க்கு டாக்டர் சொல்வது ஊகம்தான்.

துக்கம் வரும்போது வரட்டும். குட்டி பன்னிரண்டு வருஷம் இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் ஒரே வாரத்தில் முடிந்துவிடுகிறது. நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு. ராத்திரி யார் எழுந்திருப்பது? வீட்டுத் தரை வழுக்குமா? மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும்? கடைசியில் முடிவெடுப்பது யார்? இதற்கெல்லாம் வீட்டில் பதில் இருந்தால் கூட்டி வாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு ஆசை இருந்தாலும் வேண்டாம்.

10 ஆகஸ்ட் 2023

தரையை ஏன் பெரிய விஷயமாகச் சொன்னேன் என்று கேட்டிருக்கிறார் ஒருவர். பளபளக்கும் டைல்ஸில் இடுப்பு தேய்ந்த நாய் நின்று பாருங்கள், பின்கால் இரண்டும் விரிந்து போகும். ஒரு தடவை சறுக்கினால் அப்புறம் எழுந்திருக்கவே பயப்படும். தண்ணீர்க் கிண்ணத்துக்குக்கூடப் போகாது. நாங்கள் படுக்கும் இடத்திலிருந்து வாசல் வரை பழைய யோகா மேட்டுகளை வெட்டிப் போட்டோம். கம்பளம் வேண்டாம், ஒரு தடவை மூத்திரம் போனால் நாற்றம் போகாது. நகத்தையும் வெட்டுங்கள். கூண்டிலேயே இருந்த நாய்க்கு நகம் தேயாமல் நீண்டு, பாதம் தரையில் சரியாகப் படியாது. பாதத்தின் அடியில் விரலிடுக்கில் வளரும் முடியையும் கத்தரிக்க வேண்டும், அதுவும் வழுக்கும்.

10 ஆகஸ்ட் 2023, மாலை

"வயதான நாய்க்குப் பழக்கம் கற்றுத்தர முடியாதே, வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகுமே?" போகும், முதலில். காரணம் முதுமை அல்ல. கூண்டின் சிமெண்ட் தரையிலேயே எல்லாம் செய்து பழகிய நாய்க்கு உங்கள் ஹால் தரையும் அதே மாதிரிதான் தெரியும். மண்ணையும் புல்லையும் பார்த்தால் எதற்கு என்றே புரியாமல் நிற்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையும் வெளியே கூட்டிப் போங்கள். போனால் உடனே ஒரு துண்டு கோழி. அதட்ட வேண்டாம். ரோஸி சில வாரங்களில் பிடித்துக்கொண்டாள். குட்டியைவிட வேகம் என்பேன், வயதான நாய்க்கு மூத்திரத்தை அடக்கும் சக்தியாவது இருக்கிறது. திடீரென்று அடக்க முடியாமல் போனால் அது நோய், சிறுநீர்ச் சோதனை செய்யுங்கள்.

14 ஆகஸ்ட் 2023

மாமியார் ஒத்துக்கொண்டாரா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள். என் கணவரின் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒத்துக்கொள்ளவில்லை, இன்றுவரை. அடுக்களைக்கும் பூஜை அறைக்கும் நாய் வரக்கூடாது என்பது ஒப்பந்தம், நாய் அதை மீறியதில்லை. சினிமாவில் வருவது போல அத்தை மனம் மாறி மடியில் போட்டுக் கொஞ்சுவார் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். ஆனால் ராத்திரி அவருக்குத் தூக்கம் வராது. நாய் புரண்டால் முதலில் தெரிவது அவருக்குத்தான், "எழுந்திருக்கு பாரு" என்று குரல் கொடுப்பார். எங்கள் வீட்டு அலாரம் அவர். இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

2 செப்டம்பர் 2023

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: அந்த நாயை எடுக்கவில்லையாம். வாடகை வீடு, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நல்ல முடிவு. முப்பது கிலோ நாயைத் தினமும் மாடிப்படியில் தூக்க முடியாது. அதற்குப் பதில் அந்த நாயின் மருந்துச் செலவை மாதாமாதம் காப்பகத்துக்குக் கட்டுகிறார்களாம். இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வயதான நாய்களுக்கென்றே இருக்கும் சில அமைப்புகள் இதையே திருப்பிப் போட்டுச் செய்கின்றன. நாய் ஒரு வீட்டில் கடைசிவரை இருக்கும், டாக்டர் செலவு மட்டும் அமைப்பின் பொறுப்பு. சான்பிரான்சிஸ்கோவில் 2007ல் தொடங்கிய மட்வில் ஏழு வயது தாண்டிய நாய்களை மட்டும்தான் எடுக்கிறது. இங்கிலாந்தில் ஓல்டீஸ் கிளப்பும் ஏழுக்கு மேல்தான். நம் ஊரிலும் இடம் இருந்து பணம் இல்லாதவர்கள் உண்டு, பணம் இருந்து இடம் இல்லாதவர்களும் உண்டு. இரண்டு பேரையும் யாராவது சேர்த்துவைத்தால் பல நாய்கள் கூண்டைவிட்டு வெளியே வரும்.

அபார்ட்மெண்ட் சங்கம் விடாது என்று சொன்னவருக்கு: விலங்குகள் நல வாரியம் 2015லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. சங்கம் தீர்மானம் போட்டு நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது. ஆனால் உங்களுக்கும் வீட்டு ஓனருக்கும் உள்ள வாடகை ஒப்பந்தம் வேறு சமாச்சாரம். முதலில் அதைப் படியுங்கள்.

13 நவம்பர் 2023

தீபாவளி. ராத்திரி முழுக்கக் குளியலறையில் ரோஸியும் நானும். எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் வெடிச் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்குகிறது. வேறொன்றும் எழுதத் தெம்பில்லை.

7 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயலில் எப்படி இருந்தீர்கள் என்று விசாரித்தவர்களுக்கு: நாங்கள் முதல் மாடி, தப்பித்தோம். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மின்சாரம் இல்லை, பால் இல்லை. நாயைக் கீழே இறக்க வழியே இல்லை. அவளோ வீட்டுக்குள் மூத்திரம் போக மாட்டேன் என்று பிடிவாதம். ஆகஸ்டில் நான் பெருமையாக எழுதிய பழக்கம் இப்போது எங்களுக்கே வினையாகிவிட்டது. கடைசியில் பெரிய துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்து, நடக்க வைத்து மொட்டை மாடிக்கு ஏற்றினோம். கொட்டுகிற மழையில் குடை பிடித்தபடி நான் கெஞ்ச, அவள் ஒவ்வொரு பூந்தொட்டியாக மோந்துவிட்டுத் துளசிக்குப் பக்கத்தில் போனாள். அத்தைக்குச் சொல்லவில்லை.

வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள், நாய்க்கு. வெறிநாய்க்கடி ஊசியும் வருஷம் தவறக்கூடாது. "கிழட்டு நாய்க்கு எதற்கு" என்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

21 ஏப்ரல் 2024

போன வாரம் காலையில் ரோஸி எழுந்திருக்க முயன்று பக்கவாட்டில் சாய்ந்தாள். தலை ஒரு பக்கம் கோணிக்கொண்டது, கருவிழி இரண்டும் இடமும் வலமுமாக ஓடியது, வாந்தி. பக்கவாதம், முடிந்தது என்றுதான் நினைத்தோம். என் கணவர் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

பக்கவாதம் இல்லை. காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு திடீரென்று தடுமாறுவது. வயதான நாய்களுக்கு அடிக்கடி வருமாம், பெரும்பாலும் காரணம் தெரியாது. முதல் இரண்டு மூன்று நாள்தான் கொடுமை. அப்புறம் தானாகவே தெளியும். வாந்திக்கு மருந்து, கையால் ஊட்டல், இரண்டு பக்கமும் தலையணை, இவ்வளவுதான் வைத்தியம். இதை ஏன் விரிவாக எழுதுகிறேன் என்றால், இதைப் பார்த்துப் பயந்து அன்றைக்கே கருணைக்கொலை ஊசி போட்டு அனுப்பிவிடச் சொல்லும் வீடுகள் இருக்கின்றனவாம். டாக்டரே சொன்னார். காதில் சீழ், மூளையில் கட்டி என்று வேறு காரணமும் இருக்கலாம், அதனால் காட்டாமல் இருக்காதீர்கள். ஆனால் அன்றைக்கே முடிவெடுக்காதீர்கள்.

30 ஏப்ரல் 2024

நடக்கிறாள். தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்தே இருக்கிறது, எதைச் சொன்னாலும் சந்தேகமாகக் கேட்பது போல.

18 ஜூலை 2024

முதல் நாள் பதிவில் பணத்தை மூன்றாவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது கேட்டால் முதலில் சொல்வேன்.

சிறுநீரகம். தண்ணீர் அதிகம் குடித்தாள், மெலிந்தாள், வாயில் ஒரு நாற்றம். ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ஏறியிருக்கிறது. இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு, சிறுநீரகத்தின் வேலையில் முக்கால்வாசி போன பிறகுதான் கிரியேட்டினின் காட்டிக்கொடுக்கும். எஸ்டிஎம்ஏ என்று இன்னொரு சோதனை முன்னாடியே சொல்லும், விலை கூட. வயதான நாயை வீட்டுக்குக் கூட்டி வந்த வாரத்திலேயே ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம், பல் எல்லாம் பார்த்துக் குறித்துவைத்துக்கொண்டால், பிற்பாடு ஒப்பிட ஒரு அளவு இருக்கும். காப்பகத்திலேயே கருத்தடை செய்துவிட்டார்களா என்றும் கேளுங்கள். கருத்தடை ஆகாத வயதான பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கோத்துக்கொண்டால் அன்றே அறுவை சிகிச்சை, இல்லையேல் உயிர் போகும். இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தீர்களானால், புதிதாகச் சேர வயது வரம்பு உண்டு. இந்த வயது நாயைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் தனியாக ஒரு தொடர் வைப்புக் கணக்கு போட்டிருந்தோம், அதுதான் கைகொடுக்கிறது.

மூட்டுவலிக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்தியாயிற்று, சிறுநீரகத்துக்கு ஆகாது. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நாய் நொண்டுகிறது என்று வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இபுப்ரொஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கொல்லும். பாராசிட்டமால் ஈரலை. பாயசத்துத் திராட்சை, சாம்பார் வெங்காயம், சுகர்ஃப்ரீ சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால், இவையும் நாய்க்கு விஷம். பண்டிகை நாளில் "ஒரு வாய் பாயசம்தானே" என்று வருகிற விருந்தாளியைத்தான் முதலில் கட்டிப்போட வேண்டும்.

26 ஜூலை 2024

வீட்டிலேயே ட்ரிப் ஏற்றுவது எப்படி என்று நிறையப் பேர் கேட்டதால். நரம்பில் இல்லை, தோலுக்கு அடியில். டாக்டர் ஒரு தடவை செய்துகாட்டினார், அவர் முன்னாலேயே ஒரு தடவை எங்களைச் செய்ய வைத்தார். தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம் போலத் தூக்கி, ஊசியைச் சாய்வாக உள்ளே விடுவது. ட்ரிப்பில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் திரவப் பாட்டிலை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துவிடுங்கள், குளிர்ந்து இருந்தால் நாய் சிலிர்த்துக்கொள்ளும். முடிந்ததும் முதுகில் ஒரு மூட்டை மாதிரி புடைத்து நிற்கும், கொஞ்ச நேரத்தில் முன்காலுக்கு இறங்கி மெல்ல வற்றிவிடும். பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டினோம். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் வேகவைத்த முட்டை வெள்ளை. எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்பதை டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். இதயம் பலவீனமான நாய்க்கு இதுவே ஆபத்து.

சாப்பாடு: மருந்துக்கடையில் சிறுநீரகத்துக்கென்று விற்கும் தீனியை மோந்துகூடப் பார்க்கவில்லை. சாதம், முட்டை வெள்ளை, கொஞ்சம் கோழி, மேலே ஒரு சொட்டு நெய். பாஸ்பரஸைக் குறைப்பதுதான் நோக்கம் என்பதால் ஈரல், எலும்பு சூப் எல்லாம் நின்றுபோயின. அவளுக்கு அதில் வருத்தம்.

1 நவம்பர் 2024

இந்தத் தீபாவளிக்கு அசையாமல் தூங்கினாள். காது போய்விட்டது. வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா தெரியவில்லை. நான் மட்டும் பழக்க தோஷத்தில் குளியலறையில் படுக்கை விரித்திருந்தேன்.

காது கேளாத நாயைத் தூக்கத்தில் தொட்டு எழுப்பாதீர்கள், பதறிக் கடித்துவிடும். தரையில் காலைத் தட்டினால் அதிர்வு தெரியும், அல்லது மூக்குக்குப் பக்கத்தில் கையை நீட்டினால் போதும். கண் நீலமாகப் பூத்திருக்கிறதே, புரையா என்று கேட்டவருக்கு: வயதானால் கண்ணின் லென்ஸ் இறுகி அப்படி ஒரு நீலம் பூக்கும், பார்வை பெரும்பாலும் இருக்கும். புரை வேறு, வெள்ளையாக அடைக்கும். எது என்று டாக்டர் கண்ணைப் பார்த்துதான் சொல்ல முடியும்.

19 டிசம்பர் 2024

"ராத்திரி யார் எழுந்திருப்பது" என்று நான் எழுதியது மூத்திரத்துக்கு. இப்போது நடப்பது வேறு. நடுராத்திரி எழுந்து நடக்கிறாள், கதவின் கீல் இருக்கும் பக்கம் போய் நிற்கிறாள், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து பின்னால் வரத் தெரியாமல் முழிக்கிறாள். மனிதர்களுக்கு வரும் மறதி நோய் மாதிரியே நாய்க்கும் உண்டு. மாத்திரை ஆரம்பித்திருக்கிறோம். சின்ன இரவு விளக்கு போட்டதில் கொஞ்சம் பலன். சந்துகளை அட்டைப் பெட்டி வைத்து அடைத்தோம், சாமான்களை இடம் மாற்றுவதில்லை. கணவரும் நானும் முறை வைத்து ஹாலில் படுக்கிறோம். முந்தாநாள் எரிந்து விழுந்தேன், அவளிடம் இல்லை, அவரிடம். தூக்கமில்லாத வீட்டில் எல்லாருக்கும் கோபம் வரும். எடுப்பதற்கு முன் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

6 பிப்ரவரி 2025

விடைகொடுக்க வேண்டியது எப்போது என்று எப்படித் தெரியும்? பலர் "நாயே கண்ணால் சொல்லும்" என்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை, லாப்ரடார் சாகும் தறுவாயிலும் பிஸ்கட் கேட்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடுதலா என்று ஏழு. ஒவ்வொன்றுக்கும் பத்து, மொத்தம் 35க்கு மேல் இருந்தால் தொடரலாம். நானும் கணவரும் தனித்தனியாகப் போட்டு, அப்புறம் ஒப்பிட்டோம். அவர் எப்போதும் கூடப் போடுவார். டிசம்பர் முழுக்க அதில் வாக்குவாதம். போன வாரம் இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே எண் போட்டிருந்தோம். 35க்குக் கீழே.

15 பிப்ரவரி 2025

ரோஸி புதன்கிழமை போய்விட்டாள். வீட்டிலேயே, ஊசி போட்டு. சில டாக்டர்கள் இதைச் செய்ய மாட்டார்கள், அது அவர்கள் விருப்பம். முன்னாடியே கேட்டு வையுங்கள், அன்றைக்குத் தேடக்கூடாது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், தெரியாமல் போய் நின்றால் பயமாக இருக்கும். முதலில் தூக்க ஊசி. குறட்டை விட்டுத் தூங்கிவிட்டாள். அப்புறம் முன்கால் நரம்பில் மயக்க மருந்து, அளவுக்கு மிகுதியாக. சில நிமிஷம்தான். கண் மூடாது, திறந்தே இருக்கும். இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம், மூத்திரம் போகும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அன்று காலையில் ஈரல் கொடுத்தோம். இனி பாஸ்பரஸைப் பார்த்து என்ன ஆகப்போகிறது.

2 மார்ச் 2025

கல்லறை கட்டினீர்களா என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டிருக்கிறார். இல்லை, தகனம்தான். ஆனால் கேட்டதால் சொல்கிறேன், நாய்க்குக் கல் வைப்பது நமக்குப் புதிதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. ரோஸி கள்ளனைப் பார்த்தால் வாலாட்டியிருப்பாள், அவளுக்குக் கல் வைக்க நியாயமில்லை.

24 ஆகஸ்ட் 2025

தெருநாய் வழக்குச் சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆகஸ்ட் 11ல் டெல்லி நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 22ல் அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறியுள்ளதும் மூர்க்கமானதும் மட்டும் விலக்கு. நடுவில் இருந்த அந்த நாட்களில் "எல்லாவற்றையும் காப்பகத்துக்கு அனுப்பினால் என்ன" என்று எழுதியவர்கள், ஏதாவது ஒரு காப்பகத்தின் கடைசி வரிசைக் கூண்டுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். தத்தெடுக்க வருகிறவர்கள் முதல் வரிசைக் குட்டிகளைத் தாண்டிப் போவதில்லை.

இன்னொரு நாய் எடுப்பீர்களா என்ற கேள்விக்கு: இப்போது இல்லை. அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, எங்கள் ராத்திரிகள் அவருக்கு. யோகா மேட்டுகள் அதே இடத்தில்தான் கிடக்கின்றன, வாக்கர் வழுக்காமல் இருக்கிறது.

பிரிக்காத ட்ரிப் செட் கொஞ்சமும் வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கும் பட்டை ஒன்றும் இருக்கின்றன. பட்டை பெரிய நாய்க்கானது, பொமேரியனுக்கு ஆகாது. வேண்டுபவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள். மடிப்பாக்கம் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், கூரியர் கிடையாது.